குடும்ப வாசிப்புக் குழு: கெராசிம் ஏன் பேசவில்லை?

சித்தி: ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் ‘முமு’ கதையை இப்போதுதான் முடித்தேன். மனம் ஆறவில்லை. உயிராக வளர்த்த நாயை, எசமானி சொன்னாள் என்பதற்காகத் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடிப்பானா ஒருவன்?

அண்ணன்: காது கேட்காது, வாய் பேச வராது, பண்ணையடிமை வேறு. எப்படி மறுப்பான்? கெராசிம் ரஷ்ய மக்களின் உருவகம் என்று எழுத்தாளர் இவான் அக்சாகோவ் அன்றே துர்கனேவுக்கு எழுதினார்.

நான்: அது மட்டும் போதாது அண்ணா. வாய் உள்ளவர்கள் அந்த வீட்டில் என்ன பேசிவிட்டார்கள்? கெராசிம் விரும்பிய சலவைக்காரி தத்யானாவைக் குடிகாரக் கபித்தோனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. கெராசிமுக்குக் குடிகாரர்களைக் கண்டாலே ஆகாது என்று, அவளைக் குடித்தவள்போல் அவன் முன்னால் தள்ளாடி நடக்கவைக்கிறார்கள். அதையும் செய்கிறாள், பாவம். காரியஸ்தன் கவ்ரீலாவுக்கு இந்தக் கல்யாணம் வினையில் முடியும் என்று தெரியும். அவனும் எசமானி முன்னால் தலையாட்டுகிறான். வாயடைத்துக் கிடப்பது அந்த வீடு முழுவதும்தான்.

மாமா: எழுதிய இடத்தையும் பாருங்கள். 1852இல் எழுத்தாளர் கோகோலுக்கு இரங்கல் எழுதியதற்காகத் துர்கனேவைக் கைது செய்தார்கள். காவலில் இருந்தபோது எழுதிய கதை இது. 1854இல்தான் அச்சேறியது. எசமானியிடம் அவருடைய தாயாரின் சாயல் உண்டு.

நான்: ஆமாம் மாமா. அந்தத் தாயாரிடம் அந்திரேய் என்ற வாய் பேசாத வேலைக்காரர் இருந்தார். நாயைப் பறிகொடுத்த பிறகும் அவர் எசமானியை விட்டுப் போகவில்லை. துர்கனேவ் அந்த முடிவை மாற்றினார். கெராசிம் யாரிடமும் அனுமதி கேட்காமல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாஸ்கோவிலிருந்து தன் கிராமத்துக்கு நடந்தே போய்விடுகிறான். வேறு எவரும் சொல்லத் துணியாததை அவன் கால்கள் சொல்லிவிடுகின்றன.

சித்தி: அந்தத் துணிச்சல் முன்பே வந்திருந்தால் நாயையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே!

நான்: எனக்கும் அது வலிக்கிறது சித்தி. வேறு எவன் கையும் அதன்மேல் படக்கூடாது என்று நினைத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த உணவுக்கடைக் காட்சியைப் பாருங்கள். இறைச்சி போட்ட முட்டைக்கோஸ் சூப் வாங்கி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தரையில் வைக்கிறான். அது தின்னும்போது இரண்டு சொட்டுக் கண்ணீர். ஒன்று நாயின் நெற்றியில் விழுகிறது, மற்றொன்று சூப்பில். அவன் கீழ்ப்படிந்த கடைசிக் கட்டளை அது. அதன் பிறகு அவனைப் பிடித்துவைக்க எசமானியிடம் ஒன்றுமில்லை.

மாமா: முதலில் அவனைத் திரும்ப வரவழைக்கச் சொன்னவள், நன்றிகெட்டவன் எனக்குத் தேவையில்லை என்று பிறகு விட்டுவிடுகிறாள். 1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமைமுறை ஒழிவதற்கு முன்பே துர்கனேவ் ஒருவனை இப்படி விடுவித்துவிட்டார்.

சித்தி: இன்னொன்று கவனித்தீர்களா? அத்தனை கட்டளையும் இடுகிற அந்த அம்மாளுக்குக் கதையில் பெயரே இல்லை. நாய்க்குக்கூட இருக்கிறது, கெராசிம் வாயில் வந்த ‘முமு’ என்ற ஒலியே அதன் பெயர்.