புதுப்பிப்பு: குன்னூரிலிருந்து ஊட்டிக்கு, நிறுத்தாமல்

குன்னூர் சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினியை (சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினி) ஊட்டி சர்வருக்கு மாற்றினால், அங்கே சரியாக ஏறியதா என்று குன்னூருக்குத் தெரிவதில்லை என முன்பு எழுதியிருந்தேன். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஇமு (QEMU) மென்பொருள் இயல்பாக ஒருவழியில்தான் அனுப்புகிறது. ஊட்டியிலிருந்து குன்னூருக்குச் செய்தி வரும் திரும்பும் பாதையை (return path) இயக்கினேன். இப்போது ஊட்டி பதில் சொல்கிறது.

முதலில் இடம் மாறி, மீதி நினைவகத்தைப் பிறகு வரவழைக்கும் பின்நகல் (postcopy) முறையில்தான் அதன் அருமை புரிகிறது. கணினி ஊட்டியில் ஓடத் தொடங்கிவிடும். இன்னும் வராத நினைவகப் பக்கத்தை (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) தொட்டதும் அந்த வேலை நிற்கும், கோரிக்கை திரும்பும் பாதையில் குன்னூருக்குப் போகும். கேட்ட பக்கமோ, பின்னணிப் பக்கங்களின் வரிசையில், மேட்டுப்பாளையம் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆம்புலன்ஸ்போல் ஊர்ந்து வரும். 2022-இல் வந்த 7.1 பதிப்பில் அவசரப் பக்கங்களுக்குத் தனித்தடம் உண்டு, அதையும் இயக்கிவிட்டேன்.

மழையில் ஃபைபர் அறுந்தால்? கணினி இடைநிறுத்தத்தில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் மீட்கலாம். ஆனாலும் ஐப்பசியில், எல்லாவற்றையும் அனுப்பிய பிறகே இடம் மாறும் முன்நகல் (precopy) முறைதான் என் தேர்வு.