காக்ஸ் மாடலில் குணகம் முடிவிலிக்குப் போகிறது: டி-செல் லிம்போமா தரவு, உதவி தேவை

கொட்டகலை:
வணக்கம். பேராதனையில் புள்ளிவிபரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வுக்குப் பெயர் நீக்கிய பழைய பதிவுகள் கிடைத்தன. புற டி-செல் லிம்போமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்), 58 பேர், இறப்பு 21. வயது, எல்.டி.எச். (இரத்தத்தில் பார்க்கும் ஒரு நொதி), நோய்நிலை, எலும்பு மச்சை என்று 9 மாறிகளைப் போட்டு ஆர் மென்பொருளில் காக்ஸ் மாடல் (எந்த மாறி இறப்பு வேகத்தை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று பார்ப்பது) ஓட்டினால், 'பீட்டா மே பி இன்ஃபினிட்', அதாவது குணகம் முடிவிலியாக இருக்கலாம் என்று எச்சரிக்கை வருகிறது. முதலாம் நிலைக்கு ஹஸார்ட் விகிதம் (ஒப்பீட்டு இறப்பு வேகம்) 0.000000003, நம்பிக்கை இடைவெளி 0 முதல் முடிவிலி வரை. ஆனால் சி-இன்டெக்ஸ் (யார் முதலில் இறப்பார் என்று மாடல் எவ்வளவு சரியாக வரிசைப்படுத்துகிறது என்ற அளவு, உச்சம் 1) 0.91! எதை நம்புவது? வியாழன் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும்.

பண்டாரவளை அக்கா:
தம்பி, நோய்நிலைக்கும் இறப்புக்கும் ஒரு சின்ன அட்டவணை போட்டுப் பாருங்கள். முதலாம் நிலையில் யாருமே இறந்திருக்க மாட்டார்கள்.

கொட்டகலை:
ஆமாம் அக்கா. 6 பேர், இறப்பு பூச்சியம்.

மாத்தளை:
ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்க்கும் இயந்திரக் கற்றல் முறை) போட்டுவிடுங்கள், எச்சரிக்கையே வராது.

பண்டாரவளை அக்கா:
எச்சரிக்கை வராது, சரி. 21 இறப்பை வைத்து அது என்னத்தைக் கற்கும்?

தம்பி, ஒரு பிரிவில் இறப்பே இல்லையென்றால் குணகத்தைக் கீழே தள்ளத் தள்ள லைக்லிஹுட் (தரவோடு மாடல் பொருந்தும் அளவு) ஏறிக்கொண்டேதான் இருக்கும், நிற்க இடமில்லை. இதற்குப் புள்ளிவிபரவியலாளர் ஃபர்த் 1993இல் சொன்ன திருத்தம் உண்டு. ஹைன்ஸும் ஷெம்பரும் 2001இல் அதைக் காக்ஸ் மாடலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரில் 'காக்ஸ்பிஎச்எஃப்' பொதி. இடைவெளியை புரொஃபைல் லைக்லிஹுடில் எடுங்கள், வால்ட் (குணகத்தின் இருபுறமும் சமமாக எடுக்கும் வழமையான முறை) வேண்டாம்.

ஆனால் அது வெடிப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். கணக்கில் வருவது 58 அல்ல, 21. ஒரு மாறிக்குப் பத்து இறப்பு என்ற பழைய விதியை வேதவாக்காக எடுக்க வேண்டாம், இருந்தாலும் 9 மாறி ரொம்ப அதிகம். 0.91 என்பது நீங்களே எழுதிய விடைத்தாளை நீங்களே திருத்திப் போட்ட மார்க். பூட்ஸ்ட்ராப் (அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துச் சோதிப்பது) செய்தால் இறங்கும்.

நானாக இருந்தால் புது மாடலே கட்ட மாட்டேன். இந்த நோய்க்கென்றே 2004இல் வந்த 'பிட்' என்ற முன்கணிப்புக் குறியீடு இருக்கிறது: வயது 60க்கு மேல், எல்.டி.எச். உயர்வு, உடல் இயங்குநிலை, எலும்பு மச்சையில் நோய். நான்கையும் கூட்டி ஒரே மாறியாகப் போட்டு, உங்கள் 58 பேரில் அது எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். நோய்நிலையும் வேண்டுமென்றால் ஒன்று-இரண்டு, மூன்று-நான்கு என்று சேர்த்துவிடுங்கள். 1993இல் வந்த ஐ.பி.ஐ. என்ற லிம்போமாக் குறியீடும் அப்படித்தான் பிரிக்கிறது.

ஹட்டன்:
குறுக்கே வருகிறேன். கிளினிக் பதிவேட்டில் வேலை செய்தவன். இடையில் வராமல் போனவர்களை எப்படிக் குறித்திருக்கிறீர்கள்?

கொட்டகலை:
கடைசியாக வந்த நாளில் சென்ஸார் (அதற்குப் பிறகு என்ன ஆனதென்று தெரியாது) என்று, அண்ணே.

ஹட்டன்:
அங்கேதான் சிக்கல். தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர் உடம்பு தேறியதால் வராமல் விடுவதைவிட, எழும்ப முடியாததால் வராமல் விடுவதுதான் கூடுதல். சென்ஸார் ஆனவரும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார் என்று மாடல் நினைக்கிறது. அதனால் கப்லான்-மேயர் கோடு (காலப்போக்கில் உயிரோடிருப்போர் வீதத்தைக் காட்டுவது) உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். வராமல் போன எல்லோரும் அதே நாளில் இறந்ததாக வைத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று அறிக்கையில் காட்டுங்கள்.

கொட்டகலை:
ஃபர்த் வேலை செய்தது, இடைவெளி இப்போது எண்ணாக வருகிறது. பிட் போட்டுப் பூட்ஸ்ட்ராப் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணே, சிலருக்கு இறந்த மாதம் மட்டும்தான் இருக்கிறது, திகதி இல்லை.

ஹட்டன்:
15ஆம் திகதி என்று போடுங்கள். கடைசி கிளினிக் நாளுக்கு முன்னால் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் அந்தக் கிளினிக் நாளுக்கு அடுத்த நாளைப் போடுங்கள்.