உளியைத் தொடாத மகன்: அப்பாவின் வேண்டுதல் பலித்த பிறகு

கேள்வி: சுங்கை சிப்புட்காரன்

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். 12 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கிறேன். என் அப்பா 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டு தவறாமல் அவர் தீ மிதித்தது ஒரே வேண்டுதலுக்காகத்தான்: தம் பிள்ளை பால் வெட்டும் உளியைத் தொடக் கூடாது. எட்டு வயதில், வாசலில் இருந்த அவருடைய உளியை விளையாட்டாக எடுத்தபோது ஓங்கி அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

வேண்டுதல் பலித்தது. தோட்டம் எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மாறியது, தொழிலாளர் குடியிருப்பான லயங்களை இடித்தார்கள், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் நான் வாங்கிக் கொடுத்த வீட்டில் அப்பா இன்றும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவரைப் போல முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு, விடியும்வரை முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தீபாவளி விடுப்பில் வந்திருக்கும் நான் அவரோடு பேச முயன்றேன். சிங்கப்பூரில் மழையா என்று அவர் கேட்டார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த வேலை என்னைத் தொட்டுவிடக் கூடாது என்று அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வளர்த்தார். அதனால் அவர் யார் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது கேட்டால், அவர் தந்த வாழ்க்கையைக் குறை சொல்வதாக நினைப்பாரோ என்று அஞ்சுகிறேன். எப்படிக் கேட்பது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 28 ஆண்டுகள் பணியாற்றியவள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் பார்த்து, "நீ பால் வெட்டத்தான் போகப் போகிறாய்" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்கள் முன்னேற வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, இருட்டில் பால் சுமக்கும் காண்டா வாளியோடு போன தன் தாயும் தகப்பனும் தண்டனை அனுபவிப்பவர்கள் என்றுதான் அது கேட்டிருக்கும். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அது எளிய வேலையும் அல்ல. பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். உளி சற்றே ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட வராது. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால், இவ்வளவு நுட்பத்தையும் விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்தார்கள். இதை ஒரு நாளாவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காமல், எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: கோலசிலாங்கூர் பேரன்

ஆசிரியை அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் அப்பா விலை தெரியாமல் வேண்டிக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் குறையும். குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான், அதுவும் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட். அந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி.

எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதின. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காகத் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதில் பங்கு வாங்கினார். வெட்டிய மண் தமக்கே சொந்தமாக வேண்டும் என்பது அவருடைய கனவு. அப்பாவின் கனவோ அந்த மண்ணை விட்டுப் பிள்ளைகள் போய்விட வேண்டும் என்பது. இரண்டும் பலித்தன. இன்று பங்குப் பத்திரம் அலமாரியில் இருக்கிறது; தாத்தா இருந்த தோட்டத்தில் செம்பனைக் குலை அறுப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், அவர்களும் தம் பிள்ளைகளுக்காக எதையோ வேண்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். தாத்தாவிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே அவரை அனுப்பிவிட்டேன். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பதில்: சுங்கை சிப்புட்காரன்

இருவருக்கும் நன்றி. இன்று நான்கு மணிக்கு எழுந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீரோடு வந்தார். வெகுநேரம் கழித்து அவராகவே, தமக்கு வெட்ட ஒதுக்கிய நிரையில் 500 மரங்களுக்கு மேல் இருந்தன என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாம் காயப்படுத்திய மரம் எது என்பதும், அது பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் பால்ஸ்டோருக்குப் போகும் பாதையில் எந்த வளைவில் நின்றது என்பதும் அவருக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து முன்வாசல் தூணில் வைத்து, மேலிருந்து கீழாகச் சரித்து இழுத்தார். "கை மட்டும் ஓடக்கூடாது, காலும் மரத்தைச் சுத்தி வரணும்" என்று சொல்லி மறுபடியும் செய்யச் சொன்னார்.

விடுப்பை மேலும் நான்கு நாட்களுக்கு நீட்டித்திருக்கிறேன்.