கன்சென்ட்: அனுமதியா, சம்மதமா, இசைவா?

வணக்கம் நண்பர்களே,

'கன்சென்ட்' (consent) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'அனுமதி'யே போதும் என்று நேற்றைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 'பர்மிஷன்' என்பதன் லத்தீன் வேருக்கு 'ஊடே போகவிடு' என்று பொருள். வாசலில் நிற்பவர் கதவைத் திறந்துவிடுகிறார். அதற்கு அனுமதி நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். 'கன்சென்ட்' வேறு குடும்பம். லத்தீனில் 'சென்டிரே' என்றால் உணர்தல். 'கன்' என்ற முன்னொட்டு 'சேர்ந்து' என்ற பொருளைத் தருகிறது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதையே பிடித்துக்கொள்கிறது: ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்றால்தான் அது கன்சென்ட் என்கிறது 13ஆம் பிரிவு.

'ஒப்புதல்' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஆளுநர் மசோதாவுக்குத் தருவதும் ஒப்புதல், குற்றவாளி தருவதும் ஒப்புதல் வாக்குமூலம்.

'சம்மதம்' பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வேர்ப்பொருள் அழகாகப் பொருந்துகிறது, பாட்டிக்கும் புரியும். ஆனால் 'மௌனம் சம்மதம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோமே! 2023இல் வந்த எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. கன்சென்ட் கட்டாயமின்றி, விவரம் அறிந்து, ஐயத்துக்கு இடமின்றி, தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும். பேசாமல் இருந்தால் தந்ததாகாது. பெண் பார்க்கும் கூடத்தில் தலைகுனிந்து நின்றவளின் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொண்ட சொல்லை இங்கே கொண்டுவர எனக்கு மனமில்லை.

ஆகவே 'இசைவு'. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். சேர்ந்து உணர்வதற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. இசைவுப் படிவம், அறிந்த இசைவு, இசைவு மேலாளர் என்று சிக்கலில்லாமல் கிளை விடுகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் 'இசைவாணை' குழப்பாதா என்று கேட்கலாம். அங்கே 'ஆணை' ஒட்டியிருப்பதால் அது அதிகாரத்தின் குரல் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், எனக்கு இன்னும் முடிவாகாத ஒன்று. தந்த இசைவைத் திரும்பப் பெறுவதும் தருவதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் இசைவு கேட்கும் கோரிக்கையைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்பதால் தமிழ்ப் பொத்தான்கள் வரத்தான் போகின்றன. 'இசைவைத் திரும்பப் பெறுக' கைபேசித் திரைக்கு நீளம். 'இசைவை விலக்கு' என்று வைக்கலாமா? இடைமுகத் தமிழாக்கம் செய்பவர்கள் சொல்லுங்கள்.