ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகு: நோயைப் புரிந்துகொண்டதும் புரியாமல் பயந்ததும்

இதயநோய்ப் பிரிவுச் செவிலியர், மதுரை:

இதய ரத்தக்குழாயின் அடைப்பை விரித்து, அது திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சிறு உலோக வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நோயாளிகளுக்கு மாத்திரைச் சீட்டை விளக்குவது எங்கள் பிரிவில் பெரும்பாலும் என் பொறுப்பு. மாத்திரைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன். அடைப்பை எடுத்துவிட்டார்கள், நோய் போய்விட்டது என்பார் ஒருவர். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ, இதயம் பாதி செத்துவிட்டது, இனி எத்தனை நாளோ என்பார். இரண்டுமே தவறு, இரண்டுமே ஆளைக் கெடுக்கும்.

முதல் வகைக்கு, மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் ஒருவரைச் சொல்லலாம். ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் பல் பிடுங்க வேண்டியிருந்ததால், ரத்தம் நிற்காமல் போய்விடும் என்று அஞ்சி, ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து, மறுபடியும் அட்டாக்குடன் வந்து சேர்ந்தார். அட்டாக்குக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்கள் இவ்விரண்டு வகை மாத்திரைகளையும் வழக்கமாக 12 மாதங்கள் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய சீட்டிலேயே இருந்தது. ஏன் என்பதுதான் அதில் இல்லை. அந்த உலோக வலையின் மீது ரத்தக்குழாயின் உள்படலம் வளர்ந்து மூடும் வரை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகும் என்று மனைவியையும் உட்காரவைத்து விளக்கிய பிறகு, மாத்திரை தவறவில்லை.

இரண்டாம் வகைக்கு ஒரு கணித ஆசிரியர். எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கையில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம் என்று இருந்ததை அவர் தேர்வு மதிப்பெண்ணாகவே படித்திருந்தார். மாடிப்படி ஏறுவதை விட்டார், படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினார், விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தார். நல்ல ஆரோக்கியமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும், நூறு என்பது யாருக்குமே கிடையாது என்று சொன்னபோது அவர் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார். மருத்துவரின் அனுமதியுடன் வராந்தாவில் 6 நிமிட நடைப் பரிசோதனையை நடந்து முடித்த பிறகுதான் நம்பினார். ஆக்லாந்தில் அட்டாக் வந்தவர்களிடம் தங்கள் இதயத்தை வரையச் சொல்லி நடத்திய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அதில், ரத்தப் பரிசோதனை காட்டிய சேதத்தைவிட அவர்கள் படத்தில் வரைந்த சேதமே மூன்று மாதம் கழித்து அவர்கள் எந்த அளவு தேறியதாக உணர்ந்தார்கள் என்பதை நன்றாக முன்னறிவித்தது. எங்கள் ஆசிரியரைப் பார்த்த எனக்கு அதில் வியப்பேதும் இல்லை.

நோயாளியின் மகள், கோயம்புத்தூர்:

என் அப்பாவின் பிரச்சினை கொழுப்பு மாத்திரை. ஸ்டாட்டின் என்ற அந்த மாத்திரை தசையை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்த வாரத்திலேயே அவருக்குக் கெண்டைக்கால் வலி தொடங்கியது, மாத்திரையும் நின்றது. நாங்கள் சண்டை போட்டதில் பயன் ஏதும் இல்லை. மருத்துவர் சண்டை போடவில்லை. தசைச் சேதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்து, முடிவு இயல்பாக இருப்பதைக் காட்டிய பிறகு, லண்டனில் 60 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையைப் பற்றிச் சொன்னார். ஸ்டாட்டினால் தொந்தரவு என்று நிறுத்தியிருந்த அவர்களுக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும், சில மாதங்கள் எதுவும் இல்லாமலும் மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் வந்திருக்கிறது. அது நடிப்பல்ல, வலி உண்மையானது, ஆனால் அதை உண்டாக்கியது எதிர்பார்ப்பு என்று அவர் விளக்கிய விதம் அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றியது. அதன் பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி, வலியை ஒரு நோட்டில் குறித்துவந்த அப்பா, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிய மறுநாட்களில்தான் வலி வருகிறது என்று தாமே கண்டுபிடித்தார்.

நோயாளி, திருநெல்வேலி:

இருவரும் எழுதியதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அட்டாக்குக்குப் பிறகு என் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் அளந்தார்கள். தூக்கம் வருகிறதா என்று எவரும் கேட்கவில்லை. இரவில் நாடியைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பேன். படபடப்பு வந்து அவசர சிகிச்சைக்கு ஓடினால் ஈசிஜி சரியாக இருக்கும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் யார் யார் இதே நோயில் போனார்கள் என்று பட்டியல் சொன்னதை அன்பென்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு பொது மருத்துவர்தான், கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, இதற்குப் பெயர் மனச்சோர்வு, அட்டாக் வந்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது என்றார். ஆலோசனைக்குப் போனேன். அமெரிக்காவில் 2003இல் வெளியான பெரிய ஆய்வில் இத்தகைய ஆலோசனை மனச்சோர்வைக் குறைத்ததே தவிர, மரணத்தையோ மறு அட்டாக்கையோ குறைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் மனமே இல்லாமல் கிடந்தவனுக்கு அந்தக் குறைவே பெரிய காரியம். வெளியே போகக் கூசுகிறவர்களுக்கு 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேச வசதி இருக்கிறது.

செவிலியர் சகோதரியிடம் ஒரு கேள்வி. தாம்பத்தியம் பற்றி மருத்துவரிடம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்வதுண்டா?

இதயநோய்ப் பிரிவுச் செவிலியர், மதுரை:

ஐயா, கேட்காவிட்டாலும் கணவன் மனைவி இருவரையும் வைத்துச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பெரும்பாலும் மனைவிக்குத்தான் பயம் அதிகம். நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிகிறவர்களுக்கு, நோய் கட்டுக்குள் இருந்தால், பொதுவாகத் தடையில்லை. உங்களுக்கு எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும்போது இதை யாரும் எச்சரிப்பதில்லை.