ஐந்தாம் தலைமுறை சான்டா ஃபே: இந்தப் பெட்டி வடிவம் பார்க்க மட்டுமா, ஆறு பேர் உட்காரவும் உதவுமா?

பின்சீட்டுக்காரன்:

நண்பர்களே, வணக்கம். இப்போது ஓட்டுவது ஐந்து பேர் உட்காரும் எஸ்யூவி. கடைக்குட்டி வந்த பிறகு அது போதவில்லை. நாங்கள் இரண்டு பேர், பெரியவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 8, சின்னவனுக்கு 2. சின்னவன் குழந்தை சீட்டில்தான் உட்காருவான். பாதி நாள் அம்மாவும் கூட வருவார். அவருக்கு முழங்கால் வலி.

ஹூண்டாய் சான்டா ஃபேயின் ஐந்தாம் தலைமுறையைத்தான் கண் வைத்திருக்கிறோம், அதாவது 2023 ஆகஸ்டில் அறிமுகமானது. பழைய சான்டா ஃபேயில் இருந்த வளைவெல்லாம் போய், இப்போது நான்கு பக்கமும் நேர்கோடு. மனைவிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. எனக்கு முன்பக்கம் சரி, ஆனால் பின்பக்கம் உறுத்துகிறது. விளக்கெல்லாம் பம்பர் உயரத்துக்கு இறங்கி, மேலே வெறும் தகடாக நிற்கிறது. வரைந்தவர் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போய்விட்ட மாதிரி.

ஷோரூமில் கேட்டால் திரையைக் காட்டுகிறார்கள், அப்புறம் இன்னொரு திரையைக் காட்டுகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார முடியுமா என்று கேட்டால் "தாராளமா சார்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். பெட்ரோலா ஹைபிரிட்டா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

மூணாம் வரிசை:

உங்களுக்கு உறுத்துகிற அந்தப் பின்பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த வண்டியின் கதை அங்கேதான் இருக்கிறது.

பின்விளக்கு வழக்கமான உயரத்தில், இரண்டு ஓரத்திலும் இருந்தால், டிக்கி திறப்பின் அகலத்தில் ஆளுக்கு ஒரு துண்டை அது எடுத்துக்கொள்ளும். விளக்கைப் பாதியாக வெட்டிக் கதவிலும் உடம்பிலுமாக வைப்பார்கள், ஆனாலும் உடம்போடு நிற்கும் பாதி இடத்தை அடைக்கும். இதில் விளக்கை மொத்தமாகக் கீழே இறக்கிவிட்டதால் கதவு வண்டியின் முழு அகலத்துக்குப் போகிறது. திறப்பின் அகலம் 1275 மி.மீ., பழையதைவிட 145 மி.மீ. கூடுதல். உயரம் 812 மி.மீ. பின்கண்ணாடியும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், குழந்தை வண்டியை மடக்கி நிமிர்த்தி வைத்தாலும் கதவு இடிக்காமல் மூடுகிறது. சாய்ந்த கண்ணாடி உள்ள வண்டியில் அதையே படுக்கப் போட வேண்டும், மற்ற பைகளை அதன் தலைமேல் அடுக்க வேண்டும். கதவைத் திறந்து உட்கார்ந்து காற்று வாங்குகிற மாதிரி விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அதற்கும் இந்த அகலம்தான் காரணம். நாங்கள் அப்படி உட்கார்ந்ததைவிட, அங்கே நின்று சின்னவளுக்கு உடை மாற்றியதுதான் அதிகம்.

சரி, மூன்றாவது வரிசை. இதைத்தான் யாரும் நேராகச் சொல்வதில்லை.

வண்டியின் நீளம் 4830 மி.மீ., பழையதைவிட 45 அதிகம். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 2815, அது 50 அதிகம். கேட்டால் நிறைய என்று தோன்றும். அந்த 50 எங்கே போயிற்று என்று பாருங்கள். இரண்டாம் வரிசையில் கால்வைக்கும் இடம் 20 மி.மீ. கூடியிருக்கிறது, மூன்றாம் வரிசையில் வெறும் 15. ஆனால் மூன்றாம் வரிசையில் தலைக்கு மேலே 69 மி.மீ. கூடி 958 ஆகியிருக்கிறது. கூரையைப் பின்னால் சரிய விடாமல் கடைசிவரை நேராகக் கொண்டுபோனதன் பலன் இது. அதாவது பெட்டி வடிவம் தலைக்கு உதவியிருக்கிறது, முட்டிக்கு அவ்வளவாக உதவவில்லை.

நான் 175 செ.மீ. பின்னால் உட்கார்ந்தால் தலை கூரையில் படாது. ஆனால் அங்கே தரை உயரம், சீட்டோ தாழ்வு. அதனால் முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், தொடை சீட்டில் பதியாது. பக்கத்து ஊர்வரை போகலாம். அதற்கு மேல் என்றால் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். உங்கள் 12 வயதுக்காரிக்கும் 8 வயதுக்காரனுக்கும் அது ராஜ இடம். பக்கக் கண்ணாடி பெரியது, சதுரமானது, அதன் கீழ்விளிம்பு பிள்ளைகளின் தோளுக்குக் கீழே நிற்கிறது. வெளியே அடிவானம் தெரிந்தால் வாந்தி வருவது குறையும். என் நடுப்பையன் பழைய வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடுவான், இதில் ஜன்னல் பக்கம் எனக்கு என்று சண்டை போடுகிறான். ஏசி காற்றும் சார்ஜ் போடும் துளைகளும் பின்னால் தனியாக இருக்கின்றன.

அம்மாவை எக்காரணம் கொண்டும் மூன்றாம் வரிசைக்கு அனுப்பாதீர்கள். ஏறும்போது ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, உடம்பைத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பம்தான் முழங்காலைக் கொல்லும். இரண்டாம் வரிசை அவருக்குச் சுகம். சீட் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் ஆறு பேர்தானே? இரண்டாம் வரிசையில் தனித்தனி சீட் இருக்கிற, ஆறு பேர் உட்காரும் மாடலை எடுங்கள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் குழந்தை சீட், நடுவில் இருக்கிற சந்தில் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் போய்விடுவார்கள். ஏழு பேர் பெஞ்சு எடுத்தால், குழந்தை சீட்டை மாட்டிய பக்கத்தைச் சாய்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் அம்மா இறங்கினால்தான் பிள்ளைகள் பின்னால் போகவே முடியும். மழையில் இதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது கசப்பான விஷயம். விளம்பரத்தில் வரும் 725 லிட்டர் டிக்கி, மூன்றாம் வரிசையை மடக்கிய கணக்கு. ஆறு பேரும் ஏறினால் அந்த வரிசை நிமிர்ந்துதான் இருக்கும். சீட்டுக்குப் பின்னால் மிஞ்சுவது ஒரு குறுகிய பள்ளம். பைகளை நிறுத்தி வரிசையாகச் சொருகலாம், பெரிய பெட்டி இரண்டு சேர்ந்து போகாது. கூரையில் பெட்டி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் கதவுக்குப் பின்னால்... மன்னிக்கவும், பின்சீட்டுக் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு கைப்பிடி ஒளிந்திருக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே எட்டலாம். வாங்குவதற்கு முன் அது கேலியாகத் தெரிந்தது. கூரைப் பெட்டியைப் பூட்ட ஒரு கால் டயர்மேல், ஒரு கை அந்தப் பிடியில் என்று நிற்கும்போது நன்றியோடு பிடித்துக்கொள்வீர்கள்.

திரைகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 12.3 அங்குலத்தில் இரண்டு, ஒரே வளைந்த கண்ணாடிக்குள். தெளிவாக இருக்கிறது. ஒலியைக் கூட்டக் குமிழ் விட்டுவைத்தார்கள், அதற்கே புண்ணியம். கியர், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வைப்பர் போடும் தண்டுக்குக் கீழே ஒரு தடித்த தண்டாகப் போய்விட்டது. முன்பக்கம் முறுக்கினால் டி (முன்னே போக), பின்பக்கம் முறுக்கினால் ஆர் (பின்னே போக), நுனியில் பொத்தானை அழுத்தினால் பி (நிறுத்த). புதிதில் கை தானாக நடுப் பெட்டியைத் தடவும், பிறகு பழகிவிடும். அதனால் நடுவில் நிறைய இடம் மிச்சம், இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கம்பியில்லாமல் சார்ஜ் போடலாம். நடுப்பெட்டியின் மூடி முன்னாலிருந்தும் திறக்கும், பின்னாலிருந்தும் திறக்கும். அம்மா மாத்திரை டப்பாவை அதில் வைத்துக்கொள்கிறார், முன்னால் இருப்பவரிடம் கேட்க வேண்டியதில்லை.

கியர்பெட்டி:

மூணாம் வரிசை அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எனக்கு இன்ஜின் மட்டும் மிச்சம்.

முக்கியமாக இரண்டு வகை. 2.5 லிட்டர் டர்போ பெட்ரோல், சுமார் 277 குதிரைத்திறன், எட்டு கியர். 1.6 லிட்டர் டர்போவோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட், ஆறு கியர். எது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். 2.5-இல் வந்தது எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. சாலை காலியாக இருந்தால் பிரமாதம். ஆனால் எந்த இரட்டைக் கிளட்ச்சுக்கும் ஒரு குணம் உண்டு: ஆறு பேரோடு மேட்டில் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பிரேக்கை விட்டதும் ஒரு சின்னத் தயக்கம், பிறகு ஒரு இழுப்பு. 2026 மாடலில் அமெரிக்கச் சந்தைக்கு அதை எடுத்துவிட்டு கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்தும் வழக்கமான டார்க் கன்வர்ட்டர் எட்டு கியரை வைத்துவிட்டார்கள். அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தினமும் பள்ளிக்கூடம், அலுவலகம், சிக்னல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட். நின்று நின்று போகிற இடத்தில்தான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரிக்குக் கொஞ்சம் வரவு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். டிரெய்லர் இழுக்கிறவர், அடிக்கடி மலையேறுகிறவர் 2.5 எடுக்கட்டும்.

பெட்டி வடிவம் காற்றை எதிர்க்கும், பெட்ரோல் குடிக்கும் என்று யாராவது வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காற்றுத்தடைக் குணகம் 0.29 என்று கம்பெனி சொல்கிறது. இது குறையக் குறைய நல்லது, இந்த உருவத்துக்கு அது நல்ல எண். பின்பக்கம் விளிம்பு கூர்மையாக வெட்டி முடிந்தால் காற்று சுத்தமாகப் பிரிந்துவிடும். முன்னால் கிரில்லுக்குள் தானாக மூடித் திறக்கும் மடல்களும் இருக்கின்றன. கூரையில் பெட்டி மாட்டிய அன்றைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது வேறு.

இடதுதடம்:

எல்லாரும் டிக்கி அகலத்தைப் பாராட்டுகிறீர்கள். நான் இந்த வண்டிக்குப் பின்னால் ஓட்டுகிறவள், என் பக்கத்தையும் கேளுங்கள்.

நெரிசலில் பின்னால் ஒட்டி நிற்கும்போது அந்தத் தாழ்ந்த விளக்கு என் பானட்டுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. உயரமான வண்டி ஓட்டுகிறவருக்கு இன்னும் மோசம். மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு தெரியும், ஆனால் இண்டிகேட்டர் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மழையில் சக்கரம் தெறிக்கிற சேறும் தாழ்ந்த விளக்கில்தான் முதலில் படியும். உள்ளே இருப்பவருக்கு 145 மி.மீ. லாபம், பின்னால் வருகிறவருக்கு நஷ்டம்.

இன்னொன்று. கியா சொரென்டோவைப் பார்த்தீர்களா? அடித்தளம் இரண்டுக்கும் ஒன்றுதான். வீல்பேஸ் அதே 2815, அதுவும் 2020-இலிருந்தே. சான்டா ஃபே 50 மி.மீ. வளர்ந்துவிட்டது என்கிறோம், தங்கை வண்டியின் அளவைத்தான் எட்டிப் பிடித்திருக்கிறது. சொரென்டோவில் பின்விளக்கு கண்ணுக்கு நேராக, நின்ற கோலத்தில் இருக்கும். அழகு உங்கள் விருப்பம், ஆனால் ஒருமுறை இரண்டிலும் ஏறி இறங்கிப் பாருங்கள்.

பின்சீட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, அம்மா இரண்டாம் வரிசை என்று நீங்கள் சொன்னது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் சின்னவனைத்தான் பின்னால் அனுப்புவதாக இருந்தோம். இடதுதடம் அக்கா சொன்னதைப் படித்து மனைவி முகம் சுளித்தாள், ஆனால் மறுக்கவில்லை. இன்னொரு சந்தேகம்: பெரியவள் அவசரக்காரி, வண்டி நின்றதும் கதவைத் திறந்துவிடுவாள். சாலைப் பக்கம் இறங்கினால் பயமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது வசதி இருக்கிறதா?

மூணாம் வரிசை:

இருக்கிறது. பின்னாலிருந்து வண்டி வருவதை ரேடார் கவனித்துக்கொண்டிருக்கும். குழந்தைப் பூட்டு போட்டிருந்தால், வருகிற வண்டி தாண்டும்வரை ஓட்டுநர் விட்டாலும் பூட்டு விடாது. ஒலி எழுப்பி எச்சரிக்கும். எல்லா மாடலிலும் வராது, நீங்கள் எடுக்கிற மாடலில் பூட்டோடு சேர்ந்த வகையா, வெறும் எச்சரிக்கை மட்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரியவள் பின்வரிசையிலிருந்து நடுச்சந்து வழியாக வருவாள் என்பதால் அந்தக் கதவுக்கு வரவே கொஞ்சம் நேரமாகும், அதுவும் உங்களுக்கு ஒரு வசதிதான்.

இடதுதடம் தங்கை சொன்ன விளக்கு விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. நான் திரும்புவதற்கு ரொம்ப முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டுவிடுகிறேன், மழைநாளில் இறங்கும்போது ஒரு துணியால் விளக்கைத் துடைத்துவிடுகிறேன். சொரென்டோவையும் கட்டாயம் பாருங்கள். இரண்டு ஷோரூமுக்கும் போகும்போது அம்மாவையும், குழந்தை சீட்டையும், மடக்கிய குழந்தை வண்டியையும் எடுத்துப் போங்கள். சீட்டை மாட்டி, பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி, மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போதே குழந்தை வண்டியை டிக்கியில் வைத்து, கதவை மூடச் சொல்லுங்கள்.