இரைச்சலாகப் பதிந்த ஆல்பத்தை விமர்சகர்கள் ஏன் கொண்டாடினார்கள்?

ரப்பர்க்காட்டான் (மார்த்தாண்டம்):
மக்களே, இங்கே அன்னோன் மார்ட்டல் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழுவைக் கேட்கிறவர்கள் யாராவது உண்டா? பெயர்தான் ஆர்கெஸ்ட்ரா, ஆரம்பத்தில் ரூபன் நீல்சன் என்ற ஒற்றை ஆள்தான். நியூசிலாந்துக்காரர், அமெரிக்காவின் போர்ட்லண்டில் குடியிருந்தபோது வீட்டிலேயே பதிந்த ஒரு பாட்டை 2010-ல் யார் என்றுகூடச் சொல்லாமல் பேண்ட்கேம்ப் என்ற இசை இணையதளத்தில் போட்டுவிட்டார். இசை வலைப்பதிவர்கள் இது யாருடையது என்று தேட ஆரம்பித்து, 2011-ல் முதல் ஆல்பம் வந்து, 2012-ல் நியூசிலாந்தின் சிறந்த ஆல்பத்துக்கான டெய்ட் பரிசும் கிடைத்தது. அழுக்கான ஒலி, அறுபதுகளின் சைக்கடெலிக் (போதை மயக்கம் மாதிரியான ராக்) வாசனை என்று விமர்சகர்கள் பாராட்டி எழுதினார்கள்.

அதை என் மாமா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். கோயில் கொடைக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் செய்கிறவன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, “மச்சான், இது கோன் கிழிஞ்ச ஸ்பீக்கர்லா?” என்றான். சரி, அவன் ரசனை அப்படி என்று விட்டிருப்பேன். ஆனால் நானும் நண்பனும் தகரக்கூரை அறையில் போனில் பதிந்த பாட்டை ஒருவருக்கு அனுப்பினோம், அவர் எழுதியது ஒரே வரி: ‘பதிவு சரியில்லை, மழைச் சத்தம் கேட்கிறது.’ அங்கே இரைச்சல் இருந்தால் பாணி, இங்கே இருந்தால் பிழையா? வெளிநாட்டுக்காரன் என்பதால் கிடைக்கிற சலுகைதானா இது?

பழைய கேசட்கடை (நாகர்கோவில்):
தம்பி, தொண்ணூறுகளில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவன் நான். ஆட்கள் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைப்பது, பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வரும். ஒரு நாள் துடைக்காமல் விட்டால் சாயங்காலம் ஆள் திரும்பி வந்துவிடுவார், ‘ஜானகி குரல் போர்வைக்குள்ள இருந்து வருது’ என்று. அது கவனக்குறைவு, அதில் எல்லாச் சத்தமும் ஒன்றுபோல மழுங்கும்.

நீங்கள் சொன்னதால் அந்த முதல் ஆல்பத்தை நேற்று இரண்டு தடவை கேட்டேன். டிரம்ஸை நசுக்கி வைத்திருக்கிறார், குரலைத் தூரத்தில் நிறுத்தியிருக்கிறார், ஆனால் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி விழுகிறது. ஹெட் அழுக்கு இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது, தெரிந்து செய்தது. அப்புறம் 2013-ல் ‘புளூ ரெக்கார்ட்’ என்று சின்னதாக ஒன்று வந்தது, இரண்டாவது ஆல்பத்தின் பாட்டுகளில் சிலதை அகூஸ்டிக் கிட்டாரும் குரலுமாக. இரைச்சல் கிடையாது, பாட்டு அப்படியே நிற்கிறது. உங்கள் மாமா மகனுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

தூத்தூர்க்காரி:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் எனக்கு அந்த விமர்சகர்கள் மேலும் ஒரு கோபம் உண்டு. நான் படித்தவற்றில் பாதி, பேர் தெரியாத பாட்டைக் கண்டுபிடித்த கதை, மீதி டேப் ஒலியைப் பற்றிய வர்ணனை. பாட்டில் என்ன சொல்கிறான் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரி. 2013-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில், சுறா மாதிரி நீந்திக்கொண்டே தூங்க முடிந்தால், கடலடிக்குப் போய் ஒளிந்துகொள்ளலாமே என்று ஒரு பாட்டு இருக்கிறது. மெட்டு தாலாட்டு மாதிரி, சொல்வது சாவு. எங்கள் ஊரில் சுறாவுக்கு ஆழ்கடல் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்காகும், எங்கள் அப்பாவும் போனவர்தான். கடலடி என்ற சொல்லை நாங்கள் வீட்டில் சும்மா சொல்ல மாட்டோம். எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் பிடித்தது. அது டேப்பிலா கம்ப்யூட்டரிலா பதிந்தது என்று யோசிக்கவே தோன்றவில்லை.

ஒலிப்பெட்டி:
வெளிநாட்டுச் சலுகை என்றால் எல்லா ஆல்பத்துக்கும் கிடைத்திருக்க வேண்டுமே. 2015-ல் ‘மல்ட்டி லவ்’ கொஞ்சம் பளிச்சென்று, ஆடுகிற மாதிரி வந்தது, பாராட்டினார்கள், அதன் தலைப்புப் பாட்டுக்கு நியூசிலாந்தில் பாட்டு எழுதியவர்களுக்கான சில்வர் ஸ்க்ரோல் விருதும் கிடைத்தது. 2018-ல் வியட்நாமின் ஹனோயில் உட்கார்ந்து, அப்பாவையும் சேர்த்துக்கொண்டு, பாட்டே இல்லாத வாத்திய இசையாக ஒன்று வெளியிட்டார். அதுவும் கரடுமுரடுதான், ஆனால் அதை அவ்வளவாக யாரும் கொண்டாடவில்லை. (எனக்கு அது பிடிக்கும், ராத்திரி பஸ்ஸில் கேட்க நல்லது.) ஆக, கரகரப்புக்காக மட்டும் யாரும் மார்க் போடவில்லை.

ரப்பர்க்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அந்தச் சுறாப் பாட்டை இனி பழையபடி கேட்க முடியுமா தெரியவில்லை. அண்ணாச்சி சொன்னபடி ‘புளூ ரெக்கார்டை’ மாமா மகனுக்குப் போட்டேன், ஒன்றும் சொல்லாமல் முழுதும் கேட்டான். அந்தத் தைரியத்தில் மழை விட்டதும் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பாட்டை வெறும் கிட்டாரோடு பாடிக் காட்டினேன். அவன் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்: “மழை இல்ல மச்சான் பிரச்சனை. ரெண்டாவது அடியிலேயே பாட்டு முடிஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு இழுக்க?”